இரண்டாம் தொட்டித் தண்ணீர்

பச்சையக்காவுக்கு நகக்கண் எல்லாம் பச்சை. பத்தொன்பது வருஷம் பாசித் தண்ணீரில் கை வைத்து வந்த நிறம், சோப்பு போட்டுத் தேய்த்தாலும் போகாது. வருகைப் பதிவேட்டில் அவளுக்கு வேறு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

நான் அந்தக் கடல்மீன் குஞ்சு பொரிப்பகத்தின் சோதனைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இருபத்துநாலு வயது. பட்டமும் கையுமாக, புது வெள்ளைக் கோட்டோடு போய் நின்றேன். மேனேஜர் என்னை அக்காவிடம் அழைத்துப் போய், "இந்தப் பொண்ணு மைக்ராஸ்கோப்ல பாக்கும். நீங்க மூக்கால பாருங்க. யார் சொல்றது சரின்னு நான் பாக்கறேன்" என்றார். அக்கா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "முதல்ல செருப்பைக் கழட்டிட்டு வா. இது மாமியார் வீடு மாதிரி. கால் கழுவாம உள்ள வந்தா ஆகாது" என்றாள்.

அங்கே அவள் பார்த்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். முட்டையிலிருந்து வரும் கடல்மீன் குஞ்சைக் குஞ்சு என்று சொல்வதே பெரிய வார்த்தை. இரண்டு கண், நடுவில் ஒரு கோடு, அவ்வளவுதான். மூன்றாம் நாள் அதற்கு வாய் திறக்கும். அந்த வாய்க்குள் நுழையும் இரை இந்த உலகத்தில் அதிகம் கிடையாது. ரோட்டிஃபர் என்று ஒரு நுண்ணுயிர் இருக்கிறது, தூசி அளவு. கண்ணாடி டம்ளரில் மொண்டு வெளிச்சத்தில் பிடித்தால் வெள்ளைப் பொடி தானாக நீந்துவது போலத் தெரியும். நாங்கள் அதைப் பொடி என்றே சொல்வோம். பொடிக்குத் தீனி நுண்பாசி. பாசியை வளர்த்துப் பொடிக்குக் கொடுக்க வேண்டும், பொடியின் வயிறு பச்சையானதும் வடிகட்டிக் குஞ்சுக்குக் கொடுக்க வேண்டும். பட்டினி கிடந்த பொடியைக் குஞ்சு தின்றால் வெறும் உமியைத் தின்ற மாதிரிதான், வயிறு ரொம்பும், உடம்பில் ஒட்டாது.

காலையில் ஒரு வேளை, சாயங்காலம் ஒரு வேளை அக்கா பொடிக்குத் தீனி வைப்பாள். நான் தண்ணீரைச் சொட்டு எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைத்து எண்ணி முடிப்பதற்குள், அவள் தொட்டிமேல் குனிந்து ஒரு மூச்சு இழுத்துவிட்டு, "நாலாவது தொட்டி நாளைக்குத் தாங்காது. இன்னிக்கே வடிச்சிடு" என்பாள். நல்ல பாசிக்கு அப்போதுதான் வெட்டிய புல்லின் வாசனை, கெடப்போகிற தண்ணீருக்கு ஊறிப்போன துணியின் வாடை என்று எனக்கும் சொல்லிக் கொடுத்தாள். எனக்கு எல்லாம் ஒரே கவிச்சியாகத்தான் இருந்தது. ஆனால் அவள் சொன்னது பத்துக்கு ஒன்பது தடவை பலித்தது. தரை கழுவ வந்தவள், எட்டாம் வகுப்போடு நின்றவள், தீனிப் பிரிவுக்கே தலைமையானது அந்த மூக்கால்தான். வெளியிலிருந்து யார் பார்வைக்கு வந்தாலும் மேனேஜர் அவளைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்துவார். அக்காவும் சும்மா சொல்லக் கூடாது, கல்யாணப் பெண் மாதிரி தலையை வாரிக்கொண்டு வந்து நிற்பாள்.

அவளோடு அதே பிரிவில் அவளுடைய நாத்தனாரும் இருந்தாள். எங்களுக்குச் சின்னக்கா. புருஷன் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்ட பிறகு, ஒரு தகரப் பெட்டியோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவள். அண்ணன் தையல்காரர், வீட்டின் முன்னறையிலேயே மிஷின் போட்டுத் தைப்பவர். "சும்மா உக்காந்தா மனசு கெட்டுப்போகும், என்கூட வா" என்று வேலைக்கு அழைத்து வந்தது பச்சையக்காதான். ஒன்பது வருஷம் ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே பஸ். பிள்ளையில்லாத அந்த வீட்டில் இரண்டு பேரும் ஒருவர் தலையை ஒருவர் வாரிவிடுவார்கள்.

சின்னக்காவுக்குத் தண்ணீர் வேலை. கடலிலிருந்து இழுக்கும் தண்ணீரை இரண்டு பெரிய தொட்டிகளில் நிரப்பி, கிருமி சாகக் குளோரின் மருந்து போடுவாள். ஒரு நாள் கழித்து அந்த மருந்தை முறிக்க இன்னொரு உப்பைப் போட்டுக் காற்று விட வேண்டும். முறிந்த தண்ணீரை ஆறின தண்ணீர் என்போம். ஆறாத தண்ணீர் பொடிமேல் பட்டால் அரை மணியில் எல்லாம் முடிந்துவிடும். ஒன்றாம் தொட்டி ஆறியிருந்தால் இரண்டாம் தொட்டி ஆறாமல் இருக்கும், அடுத்த நாள் மாறும். எது ஆறியது என்று சின்னக்கா சிலேட்டில் எழுதித் தொங்கவிடுவாள். அதற்குமேல் ஒரு சோதனைச் சொட்டு மருந்தும் உண்டு. கண்ணாடிக் குழாயில் தண்ணீரை எடுத்து இரண்டு சொட்டு விட்டால், குளோரின் இருந்தால் மஞ்சளாகும். அந்தப் புட்டி என் மேஜையில் இருந்தது. நான் சேர்ந்த வாரமே அதை அக்காவிடம் நீட்டியபோது, எல்லார் முன்னாலும் சிரித்தாள்.

"கண்ணு தெரியாதவனுக்குத்தான் கோல். எனக்கு எதுக்குடி?"

அந்த வருஷம் ஊரில் ஒரு காய்ச்சல் சுற்றியது. தையல்காரர் வீட்டில் மூன்று பேருமே படுத்தார்கள். மற்ற இருவரும் ஐந்தாம் நாள் எழுந்துவிட்டார்கள். அக்காவுக்குப் பத்து நாள் பிடித்தது. எழுந்து முதல் நாள் டீயைக் குடித்தபோது வெந்நீர் மாதிரி இருந்ததாம். வாய்க்கசப்பு என்று நினைத்தாள். வேலைக்கு வந்து பாசித் தொட்டியில் குனிந்து மூச்சை இழுத்தாள். ஒன்றும் வரவில்லை. அடுத்த தொட்டிக்குப் போனாள். அங்கேயும் ஒன்றுமில்லை. கழிவு வாய்க்காலில் செத்த மீன் கிடக்கும் மூலைக்குப் போய் நின்றாள். சுவரைப் பார்த்து நிற்கிற மாதிரி இருந்தது என்று பிற்பாடு என்னிடம் சொன்னாள். வீட்டில் நடந்தவையெல்லாம் எனக்குத் தெரிய வந்ததும் அப்படித்தான், அவள் வாயால்.

ஒரு வாரத்தில் சரியாகும் என்று நினைத்தாள். இரண்டு மாசம் ஆயிற்று. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மறுபடி தரை கழுவத்தான் அனுப்புவார்கள், படித்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள் என்று பயம். அந்த இரண்டு மாசமும் தொட்டிமேல் குனிந்தாள், மூச்சை இழுத்தாள், தலையை ஆட்டினாள். நுரையின் நிறத்தையும் அடியில் படியும் மண்டியையும் பார்த்து எதையோ சொல்லி ஒப்பேற்றினாள். என் மேஜையில் ஒரு நாள் ஃபார்மலின் புட்டி சாய்ந்து, நானும் மற்றவர்களும் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே ஓடியபோது, அக்கா கண்ணில் நீர் வழிய அங்கேயே நின்று, "என்னடி ஆச்சு?" என்று கேட்டாள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பார்த்தும் பாராமல் விட்டதில் என் பங்கும் இருக்கிறது.

அந்தப் பருவத்தின் கடைசி முட்டை பொரித்து மூன்றாம் நாள். குஞ்சுத் தொட்டிகளில் ஏறத்தாழ மூன்று லட்சம் வாய்கள் திறக்கிற காலை. சின்னக்காவைத் தாய்மீன் தொட்டிக்கு உதவியாக மேனேஜர் கூப்பிட்டுக்கொண்டார். தரை கழுவினவர்கள் குழாயை வீசியதில் இரண்டு சிலேட்டும் நனைந்து, எழுத்து கரைந்து, வெறும் கறுப்பாகத் தொங்கின. பொடித் தொட்டிகளுக்குத் தண்ணீர் மாற்றும் நேரம். அந்தக் கொட்டகையில் தரை கழுவுவதே குளோரின் தண்ணீரில்தான், அதனால் எல்லார் மூக்கிலும் எப்போதும் அந்த வாடை இருக்கும். அதற்குள்ளும் எந்தத் தொட்டி என்று பிரிக்கத் தெரிந்தவள் பச்சையக்கா ஒருத்திதான்.

அக்கா இரண்டு தொட்டிகள்மேலும் குனிந்து பார்த்தாள். பழக்கதோஷம். பிறகு சோதனைக்கூடத்தின் கதவு வரைக்கும் வந்தாள். நான் உள்ளே இன்னும் இரண்டு பேரோடு பேசிச் சிரித்துக்கொண்டிருந்தேன். சொட்டு மருந்து கேட்டால் நான் என்ன சொல்வேன் என்று நினைத்தாளோ, திரும்பிவிட்டாள். நேற்று ஒன்றில் எடுத்தோம், அப்படியானால் இன்றைக்கு இரண்டு என்று மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டாள். நேற்று எடுத்தது முந்தின நாள் மிச்சம், அதனால் இன்றைக்கு முறை ஒன்றுக்குத்தான் என்பது அவளுக்குத் தெரியாது. இரண்டாம் தொட்டியின் வால்வைத் திறந்தாள்.

பதினொரு மணிக்கு நான் சொட்டு எடுக்கப் போனபோது பொடித் தொட்டிகளில் தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிந்திருந்தது. அடியில் வெள்ளையாக ஒரு படிவு. தகட்டில் வைத்துப் பார்த்தேன். ஒன்றுகூட அசையவில்லை. நாலு தொட்டியும் அப்படியே.

ஏதோ நோய் புகுந்துவிட்டது என்றுதான் முதலில் எல்லாரும் நினைத்தோம். மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டு, எல்லாத் தண்ணீரையும் உடனே திறந்துவிடச் சொன்னார். பெரிய தொட்டிகள் இரண்டும் காலியாயின. பொடித் தொட்டியிலிருந்து நான் எடுத்து வைத்திருந்த ஒரு புட்டித் தண்ணீரில் சாயங்காலம்தான் சொட்டு மருந்தை விட்டுப் பார்க்கத் தோன்றியது. மஞ்சளாயிற்று.

அதற்குள் குஞ்சுகளின் பாடு தொடங்கிவிட்டது. பாசி அதன் தொட்டிகளில் தளதளவென்று இருந்தது. அதைத் தின்னப் பொடி இல்லை. மேனேஜர் நாலு பொரிப்பகங்களுக்கு போன் போட்டார். ஓர் இடத்தில் பொடி தருவதாகச் சொன்னார்கள், இரண்டு கேன் வந்து சேர இரண்டு நாளாயிற்று. நாங்கள் அவித்த முட்டையின் மஞ்சளைத் துணியில் வடித்துத் தெளித்தோம். அசையாத எதையும் அந்தக் குஞ்சுகள் தொடவில்லை. முதல் நாள் தொட்டியைச் சுற்றித் தேடின. இரண்டாம் நாள் தலைகீழாகத் தொங்கின. பொடி வந்து சேர்ந்தபோது இன்னும் கொஞ்சம் உயிரோடு இருந்தன. ஆனால் ஒரு கட்டத்தைத் தாண்டிவிட்டால் வாய்க்கு நேரே இரை வந்தாலும் தின்னத் தெம்பு இராது. பச்சை வயிற்றோடு பொடிகள் அவற்றின் முகத்தருகே நீந்திக்கொண்டிருந்தன. ஐந்தாம் நாள் காலை தொட்டிகளின் மேல் ஆடை மாதிரி வெள்ளையாக மிதந்தது. அக்காதான் அதை வலையால் அள்ளினாள். யாரையும் கிட்டே விடவில்லை.

அன்றைக்கே மேனேஜர் எல்லாரையும் தன் அறையில் நிற்க வைத்துக் கேட்டார்.

"எந்தத் தொட்டி ஆறியிருந்துது?"

"ஒண்ணாம் தொட்டி சார்" என்றாள் சின்னக்கா. "அதுலதான் முறிக்கிற உப்பைப் போட்டேன். ரெண்டுல அப்போதான் மருந்து போட்டிருந்தேன்."

"நீங்க எதுல எடுத்தீங்க?"

பச்சையக்கா தரையைப் பார்த்தாள். "ஒண்ணுலதான்."

"மோந்து பாக்கலையா? உங்க மூக்குக்குத் தெரியாம எப்படி?"

இந்த இடத்தில் அவள் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். மூச்சு விடுகிற நேரம் இருந்தது.

"ஆறிடுச்சு அண்ணி, எடுத்துக்கோங்கன்னு இவதான் போகும்போது சொன்னா. வீட்டு மனுஷி சொல்றப்போ, நம்பாம மூக்கை வெச்சுப் பாப்பேனா சார்?"

சின்னக்கா திரும்பி அவளைப் பார்த்தாள். கோபமில்லை, குழப்பம்தான் இருந்தது. "நான் சொன்னேனா அண்ணி?" என்று மெதுவாகக் கேட்டாள். அந்தக் கேள்வி அவளுக்கே குழியாயிற்று. சொன்னதுகூட நினைவில்லாதவள், உப்பைப் போட்டதை மட்டும் எப்படி நினைவு வைத்திருப்பாள் என்றார் மேனேஜர். மறுநாள் முதல் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நானும் அப்போது அதை நம்பினேன். அக்கா பொய் சொல்வாள் என்று யாருக்குமே தோன்றவில்லை.

வீட்டில் தையல்காரர் தங்கையைப் பிடித்துக்கொண்டார். "உனக்கு வேலை வாங்கிக் கொடுத்தவ மானத்தையும் சேத்து வாங்கிட்டியே. பத்தொன்பது வருஷப் பேரு!" என்று கத்தினார். பச்சையக்கா இடையில் புகுந்து, "விடுங்க, மனுஷங்கன்னா மறதி வரும்" என்றாள். அப்படிச் சொன்னபோது தன் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது என்றாள் என்னிடம். ஆனால் சொன்னாளே. அதுதான்.

சின்னக்கா சண்டை போடவில்லை. போட்டிருந்தால் அக்காவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். தன்மேலேயே அவளுக்குச் சந்தேகம் விழுந்துவிட்டது. கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். குழாயை மூடிவிட்டு, மூடினேனா என்று மறுபடி போவாள். அண்ணனுக்குப் பித்தான் தைத்துக் கொடுக்க உட்கார்ந்தால், நாலு பித்தானை ஆறு தடவை எண்ணுவாள். "அண்ணி, இப்போ நான் உப்புப் போட்டேனா?" என்று அடுப்படியில் நின்று கேட்பாள். அக்கா பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும்.

ஒன்றரை மாசம் இப்படிப் போயிற்று. ஒரு விடுமுறை நாள் மத்தியானம் அக்கா பாலை அடுப்பில் வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து காய் நறுக்கினாள். பால் பொங்கி வழிந்து நெருப்பை அணைத்துவிட்டது. கேஸ் அது பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது. சற்று நேரம் கழித்து நிமிர்ந்து பார்த்தவள், அடுப்பு அணைந்திருக்கிறதே என்று தீப்பெட்டியை எடுத்தாள். கொல்லையில் துணி உலர்த்திவிட்டு உள்ளே வந்த சின்னக்கா பாய்ந்து வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். தீப்பெட்டி தரையில் விழுந்து குச்சிகள் சிதறின.

அடுப்பை மூடி, ஜன்னல்களைத் திறந்து, அக்காவை இழுத்துக்கொண்டு கொல்லைக்கு வந்தபிறகுதான் சின்னக்காவுக்குப் பேச்சு வந்தது.

"வீடு பூரா நாறுது. உங்களுக்குத் தெரியலையா?"

"ஜலதோஷம்."

சின்னக்கா போய், குளியலறையிலிருந்து ஃபினாயில் புட்டியைக் கொண்டு வந்தாள். "கண்ணை மூடுங்க" என்றாள். அக்கா மூடினாள். மூக்குக்குக் கீழே புட்டியைப் பிடித்து, "இது என்ன?" என்று கேட்டாள்.

"தெரியல."

தலைக்கு வைக்கும் எண்ணெயைக் கொண்டு வந்தாள். "இது?"

"தெரியல."

"எப்போலேர்ந்து?"

"காய்ச்சலுக்கு அப்புறம்."

சின்னக்கா விரலை மடக்கி மாசத்தை எண்ணினாள். எண்ணி முடித்ததும் புட்டியைக் கீழே வைத்தாள். "அன்னிக்கு எதுல எடுத்தீங்க?"

"ரெண்டுல."

"நான் ஆறிடுச்சுன்னு சொன்னேனா?"

"இல்ல. நீ எதுவும் சொல்லல."

சின்னக்கா அப்படியே துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டாள். அடிப்பாள், கத்துவாள் என்று அக்கா காத்திருந்தாள். அவளோ, "நான் சொல்லல. நான் சொல்லவே இல்ல" என்று தனக்குத்தானே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டாள். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, சிரிப்பா அழுகையா என்று பிரிக்க முடியாத ஒரு சத்தம். ரொம்ப நேரம் கழித்துத்தான் எழுந்தாள்.

"அண்ணன்கிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்க மேனேஜர்கிட்ட போய்ச் சொல்லுங்க. உங்க வாயால, எல்லார் முன்னாடியும்."

"சொல்றேன்."

மறுநாள் அக்கா வேலைக்கு வந்தாள். மேனேஜர் அறை வரைக்கும் போனாள். யாரோ விருந்தாளி உட்கார்ந்திருந்தார், அவளை அழைத்து மூக்கைப் பற்றிப் பெருமையாகப் பேசினார் மேனேஜர். அவள் தலையாட்டிவிட்டு வந்தாள். வீட்டு வாசலிலேயே சின்னக்கா கேட்டாள். "சொன்னீங்களா?"

"நாளைக்கு."

எட்டு நாள் இதே கேள்வி, இதே பதில். ஒன்பதாம் நாள் வாசலில் யாரும் இல்லை. கட்டிலுக்கடியில் தகரப் பெட்டி இருந்த இடத்தில் தூசியில் ஒரு சதுரம் மட்டும் தெரிந்தது. எங்கே போனாள் என்று தையல்காரருக்கும் தெரியவில்லை. மிஷினை நிறுத்திவிட்டு, "நான் திட்டினதுக்கா இப்படிப் போயிட்டா?" என்று அவர் கேட்டபோது அக்காவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. அவரிடம்தான் முதலில் உடைந்தாள். அவர் கேட்டு முடித்துவிட்டு, கத்தரிக்கோலை எடுத்து வைத்து, சட்டையை மாட்டிக்கொண்டு தங்கையைத் தேடக் கிளம்பினார். ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பிறகும் பல மாசம் பேசவில்லை.

மறுநாள் அக்கா எங்கள் எல்லாரையும் கூப்பிட்டு நிற்க வைத்து, மேனேஜர் முன்னால் சொன்னாள். எதையும் விடவில்லை. சோதனைக்கூடக் கதவு வரை வந்து திரும்பியதையும் சொன்னாள். அப்போது என்னைப் பார்த்தாள். நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

மேனேஜர் அவளை அனுப்பிவிடவில்லை. அது இரக்கமா, வேறு ஆள் கிடைக்காததா, தெரியாது. வலை கழுவும் இடத்துக்கு மாற்றினார். பொடியின் பொறுப்பு என்னிடம் வந்தது. காலையும் மாலையும் இரண்டு சொட்டு விட்டுப் பார்த்தேன், தகட்டில் வைத்து எண்ணினேன். அடுத்த பருவம் ஒரு தொட்டிகூடக் கெடவில்லை. அது அக்காவைத்தான் அதிகம் வதைத்தது. "அப்போ அந்த மூக்கே வேண்டியதில்லையா?" என்று ஒரு நாள் வலையைப் பிழிந்துகொண்டே கேட்டாள்.

சின்னக்காவை நாலு மாசம் கழித்துக் கண்டுபிடித்தார்கள். மூன்று பஸ் மாறிப் போக வேண்டிய ஒரு துறைமுகத்தில் இறால் உரிக்கும் கொட்டகையில் இருந்தாள். திரும்ப வேலை தருவதாக மேனேஜர் போட்ட கடிதத்துக்குப் பதில் இல்லை. அண்ணன் போய்க் கூப்பிட்டார், வரவில்லை. கடைசியில் பச்சையக்கா போனாள். தனியாகப் போகப் பயந்து என்னையும் அழைத்துக்கொண்டாள்.

கொட்டகை வாசலில் சாப்பாட்டு மணி அடிக்கும்வரை நின்றோம். சின்னக்கா ரப்பர் காலணியோடு வந்தாள். பனிக்கட்டியில் கிடந்து விரல்கள் வீங்கிச் சிவந்திருந்தன. அக்காவைக் கண்டதும் நின்றாள். பிறகு, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். அக்கா அவள் கையைப் பிடிக்கப் போனாள். "ஈரம்" என்று பின்னால் வைத்துக்கொண்டாள்.

"வீட்டுக்கு வந்துடும்மா. உங்க அண்ணன் என்கிட்ட பேசறதே இல்ல. நான் வேணா வேற எங்கயாவது போய் இருந்துக்கறேன்."

"எதுக்கு? இங்க என்னை யாரும் எதுவும் கேக்கறதில்ல. உரிச்சதை எடை போடறாங்க, எழுதிக்கறாங்க. நிம்மதியா இருக்கு."

"என்னை மன்னிக்கவே மாட்டியா?"

சின்னக்கா யோசித்தாள். உண்மையாகவே பதிலைத் தேடுகிற மாதிரி இருந்தது. "அறைக்குள்ள பொய் சொன்னீங்க பாருங்க, அதை எப்பவோ விட்டுட்டேன் அண்ணி. பயத்துல யாருக்கும் வாய் தவறும். அதுக்கப்புறம் ஒண்ணரை மாசம், நான் தினமும் உங்ககிட்ட வந்து, எனக்குப் புத்தி கலங்கிடுச்சான்னு கேட்டேன். நீங்க தலையைத் தடவி விட்டீங்க. அதைத்தான் என்ன பண்றதுன்னு தெரியல."

சின்னக்கா என் பக்கம் திரும்பி, அந்தக் குஞ்சுகளில் ஒன்றாவது பிழைத்ததா என்று விசாரித்தாள். ஒன்றுகூட இல்லை என்றேன். தலையை ஆட்டிக்கொண்டாள். உள்ளே யாரோ கூப்பிட்டார்கள். "பஸ்ஸு ரெண்டு மணிக்கு இருக்கு. அதை விட்டா ஆறு மணிதான்" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

பஸ்ஸில் அக்கா ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தாள். துறைமுகத்தைத் தாண்டும்வரை இருபுறமும் கருவாடு காயப்போட்டிருந்தார்கள். எல்லாரும் முந்தானையாலும் கைக்குட்டையாலும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். அவள் மட்டும் கைகளை மடியில் வைத்துக்கொண்டு நேரே பார்த்துக்கொண்டிருந்தாள்.